சொகுசு கார்த் திணை: ஒரு பொருளிலக்கண ஆய்வு

மலை, காடு, வயல், கடல், வறண்ட வெளி என்று மனிதன் நிற்கும் இடத்தை வைத்தே அவன் மனத்தைச் சொல்லிவிட்டார்கள் நம் முன்னோர். ஆனால் அவன் ஒருநாள் குளிரூட்டிய கண்ணாடி அறையில் இலவசக் காப்புசினோவைக் கையில் பிடித்துக்கொண்டு, மேலே தூக்கி நிறுத்திய தன் காரின் அடிவயிற்றைப் பார்த்தபடி எஸ்டிமேட்டுக்காகக் காத்திருப்பான் என்பதை அவர்கள் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. ஐந்திணையில் எதிலும் அடங்காத இந்த ஒழுக்கத்துக்கு இலக்கணம் வகுக்க இதுவரை எவரும் முன்வராததால், தகுதியைப் பற்றிக் கவலைப்படாமல் இக்கட்டுரையாளன் முன்வந்திருக்கிறான்.

ஆய்வுப் பொருளை வரையறுப்பதிலேயே வில்லங்கம் தொடங்கிவிடுகிறது. ஊரார் 'ஃபாரின் கார்' என்று வாய்பிளக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை கடல் தாண்டி வந்தவை அல்ல. பி.எம்.டபிள்யூ 2007 முதல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் பூட்டப்படுகிறது. பென்ஸ் புனேயை ஒட்டிய சாக்கனில், ஆடி பழைய ஔரங்காபாத்தில். ஆக, மாமண்டூர் மோட்டலில் நாம் அண்ணாந்து பார்க்கும் பவேரியச் சீமான், பிறப்பால் செங்கல்பட்டுக்காரராக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் அவருக்கு உடம்புக்கு ஒன்று என்றால் மட்டும் பூர்வீகம் நினைவுக்கு வந்துவிடும். "பார்ட் ஜெர்மனியிலிருந்து வரணும் சார்" என்பார்கள். ஜெர்மனி என்றால் பொத்தாம்பொதுவாக அல்ல: பென்ஸுக்கு ரைன் நதிக்கரையில் கெர்மர்ஸ்ஹைம், பி.எம்.டபிள்யூவுக்கு ஈசார் நதிக்கரையில் டிங்கோல்ஃபிங். இரண்டு ஊரிலும் கடல்போலக் கிடங்குகள் உண்டு. நம்மவர்களில் பலர் பெயரே கேள்விப்படாத அந்த ஊர்களை நம்பி எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் நவராத்திரிப் பயணம் தள்ளிப்போயிருக்கிறது.

முழு வண்டியாகவே கப்பலில் வந்து இறங்குவது தனிச்சாதி. அடக்கவிலை 40,000 டாலரைத் தாண்டிய காருக்கு எல்லாம் சேர்த்து 110 சதவீத சுங்கம். அதாவது ஒரு காரை வாங்கி அரசாங்கத்துக்கும் ஒரு காரைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்கித் தருகிறோம். அதன்மேல் ஜி.எஸ்.டி., அதன்மேல் மாநிலத்தின் ஆயுள் வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 இறுதியிலிருந்து அது 20 சதவீதம். ஜி.எஸ்.டி.க்கு முந்தைய காலத்தில் நுழைவு வரி என்றும் ஒன்று இருந்தது. 2012-இல் இங்கிலாந்திலிருந்து வந்த நடிகர் விஜய்யின் ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்டுக்கு அந்த வரி உண்டா இல்லையா என்ற வழக்கில், 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒரு லட்சம் அபராதம் போட, டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்திவைத்தது. பேய் என்று பெயர் வைத்த வண்டி ஒன்பது ஆண்டு கழித்தும் வந்து கதவைத் தட்டியதை ஆய்வுலகம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் புதுக்கார் வாங்குகிறவர்களைப் பற்றி எழுத இங்கே அதிகம் இல்லை. அவர்களுக்கு வாரன்டி இருக்கிறது. அது தீரும் நேரத்தில் வண்டியைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்துவிடுகிறார்கள். இத்திணையின் உண்மையான தலைவன் அவர்கள் தள்ளிவிடுவதை வாங்குகிறவன். "ஸ்விஃப்ட் விலையில பென்ஸ் மக்களே" என்று கூவும் ரீல்ஸைப் பார்த்துவிட்டு இரவு தூக்கம் பிடிக்காமல் புரண்டவன். அவனுக்காக டெல்லியே உதவிக்கு வந்தது: பத்து வயதான டீசல் வண்டிகள் அங்கே ஓடக் கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ய, 2025-இல் பிடி தளரும்வரை அங்கிருந்து என்.ஓ.சி.யோடு தெற்கே இறங்கிய பளபளப்புகள் ஏராளம். எட்டு லட்சத்துக்கு எஸ் கிளாஸ். உட்கார்ந்து பார்த்தால் தோல் சீட், மரவேலைப்பாடு, கதவைச் சாத்தினால் 'தொப்' என்று ஒரு கௌரவமான சத்தம். அந்தச் சத்தத்துக்கே ஐந்து லட்சம் கொடுக்கலாம் என்று தோன்றும். தோன்றியதால்தான் கொடுத்தார்கள்.

இனி முறைப்படி முதல், கரு, உரி.

முதற்பொருளில் நிலமாவது பட்டறையும் பட்டறை சார்ந்த இடமும். பெரும்பொழுது ஐப்பசியும் கார்த்திகையும். வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விட்ட மறுகணம் வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரமும் கார்கள் வரிசைகட்டி நிற்பது 2015 வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடம். இதை வேடிக்கை என்று சிரிப்பவர்களுக்கு எஞ்சினின் உள்விவகாரம் தெரியாது. காற்று போகும் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டால், மேலே ஏறும் பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அமுங்கவேண்டியது அமுங்காவிட்டால் வளைய வேண்டியது கனெக்டிங் ராடு. தண்ணீர் வடிந்தபின், "ஸ்டார்ட் ஆகுதான்னு ஒருதடவை பாப்போமே" என்று பொத்தானை அமுக்கும் அந்த ஒரு விரலசைவில் எஞ்சினே போய்விடும். எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டி வைத்திருக்காவிட்டால், அது வெள்ளம் செய்த சேதமல்ல, உங்கள் விரல் செய்த சேதம் என்று இன்சூரன்ஸ்காரர் அமைதியாக விளக்குவார். சிறுபொழுது சனிக்கிழமை மாலை. மஞ்சள் விளக்கு எரிவதும் சர்வீஸ் சென்டர் சாத்துவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதால்.

கருப்பொருளில் பறை, டேஷ்போர்டின் 'டிங்'. விலங்கு, எலி. கௌரவம் கருதி வாரம் ஒருமுறை மட்டும் வெளியே எடுக்கப்படும் காரின் பானெட்டுக்குள் எலிக்குக் கதகதப்பும் தனிமையும் கிடைக்கின்றன. கடிக்க வயரும் கிடைக்கிறது. ஹோண்டா நிறுவனம் வெளிநாடுகளில் மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் ஒன்றை வயரில் சுற்றுவதற்கென்றே விற்கிறது. நம்மவர்கள் புகையிலையைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அறுபது லட்ச ரூபாய்க் கார் ஏசி போட்டதும் லேசாக வெற்றிலைச் செல்லம் மணப்பது இதனால்தான்.

வேகத்தடையையும் கருப்பொருளில்தான் வைக்க வேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி அது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். யானை முதுகுபோல் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் தெருக்களில் அதைப் போடுவது காங்கிரஸ் அல்ல, தெருவாசிகள். விபத்து நடந்த மறுநாள் மீந்த ஜல்லியும் கோபமும் கலந்து போட்டது. தாழ்ந்த வயிற்றுக் கார் இதைக் கடக்கும் முறையைக் கவனித்திருக்கிறேன். முதலில் கார் நிற்கும். பிறகு நான்கு கதவுகளும் திறக்கும். மாமனார், மாமியார், குழந்தை, சீர்வரிசைத் தட்டு எல்லாம் இறங்கி நடந்து மேட்டைக் கடக்கும். வண்டி காலியாக, குறுக்கே சாய்ந்து, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும். அந்தப் பக்கம் போய் மறுபடி எல்லோரும் ஏறுவார்கள். "எதுக்கு மாப்ள இந்தக் காரு, நம்ம அம்பாசடர்னா பறந்திருக்கும்" என்று மாமனார் சொல்வதும் இந்நிலத்துக்குரிய பண்.

இத்திணையின் அடிப்படை விதியை இக்கட்டுரையாளனே நூற்பாவாக யாத்திருக்கிறான்:

வண்டி வீழினும் உதிரி வீழா.

என்பது என் நுதலிற்றோ எனின், காரின் விலை ஆண்டுக்காண்டு சரிந்தாலும் அதன் உதிரிபாகங்களின் விலை சரியாது என்பதை உணர்த்துதல் நுதலிற்று. நான்கைத் தாண்டி ஐந்தாம் ஆண்டில் நடக்கும் காரின் மதிப்பில் பாதியை இன்சூரன்ஸ் அட்டவணையே கழித்துவிடுகிறது. பத்தாண்டில் அறுபது லட்சம் பத்துக்குள் வந்துவிடும். ஆனால் அதன் ஹெட்லைட்டிடம் போய் "உன் முதலாளி இப்போது பத்து லட்சம்தான்" என்று சொன்னால் அது நம்பாது. தான் அறுபது லட்சத்துக் காரின் கண் என்றே அது கடைசிவரை நினைத்துக்கொண்டிருக்கும். விலையும் அப்படித்தான் கேட்கும். அறுபது லட்சம் கொடுத்தவனுக்கு இரண்டு லட்சம் ஒரு செலவு. எட்டு லட்சம் கொடுத்தவனுக்கு அதே இரண்டு லட்சம் காரில் கால்வாசி. வாங்கும்போது தள்ளுபடி கிடைத்தது காருக்குத்தானே தவிர காரின் வாழ்க்கைமுறைக்கு அல்ல. இதைப் புரிந்துகொள்ளாதவர்களே ரீல்ஸ்காரர்களின் வாடிக்கையாளர்கள்.

இதற்குச் சான்றாகக் கோவை நண்பர் ஒருவரின் காற்றுப் பை. 1998-இல் எஸ் கிளாஸில் வந்தது முதல் பென்ஸின் உயர்ரகக் கார்கள் பலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர்ப் பைகள். அதனால்தான் குழியில் விழுந்தாலும் கையில் இருக்கும் காபி சிந்துவதில்லை. ரப்பர் என்ன விலைக் காரில் இருந்தாலும் ரப்பர்தான். ஆண்டுகள் போனால் வெடிப்பு விடும். காற்று கசியக் கசிய கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் படுக்கும். நண்பர் ஒருநாள் காலை பார்க்கிறார், வண்டி இடப்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறது. சர்வீஸ் சென்டர் சொன்ன தொகையைக் கேட்டு ஒரு நாள் படுத்துக்கிடந்துவிட்டு, வெளிப் பட்டறைக்குப் போனார். மெக்கானிக் இளைஞர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"காத்துப் பை போயிருச்சுங்ணா. ஒண்ண மட்டும் மாத்துனா அடுத்த மாசமே இன்னொண்ணு போயிரும். சோடியா மாத்திப்போடுங்க. கம்ப்ரஸரும் மூச்சு வாங்கிட்டுத்தான் கெடக்குது."

"எவ்வளவு ஆகும் தம்பி?"

வேஸ்ட் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்: "கம்பெனியில கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அப்பறம் என்னங்ணா. நாஞ்சொல்றது கம்மியாத்தான் தெரியும்."

தலைவனுக்கு நேரும் குறையைத் தீர்க்க முயலும் பாங்கன் என்ற பாத்திரத்தை இவ்விளைஞரில் காண்கிறோம். உக்கடத்திலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ டெல்லி மாயாபுரியிலோ கழற்றிய சாமான் கிடைக்குமா என்று போனிலேயே தேடுவார். எங்கோ முட்டி நொறுங்கிய இன்னொரு காரின் உறுப்பு பஸ் பார்சலில் வந்து சேரும். எனக்குத் தெரிந்து இத்திணையில் மருந்துபோல் வேலை செய்யும் ஒரே மனிதர் இவர்தான். ஆனால் இவராலும் முடியாத இடங்கள் உண்டு. சில மாடல்களில் புது பேட்டரி போட்டால் மட்டும் போதாது. ஸ்கேனரைச் சொருகி அதைக் காரின் கம்ப்யூட்டரிடம் பதிவுசெய்ய வேண்டும். புது மருமகளைப் பெரிய அத்தையிடம் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தாவிட்டால் வீட்டில் வேலை ஓடாதல்லவா, அதே சங்கதி. ஃபெராரி 355-இல் டைமிங் பெல்ட்டை மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்து நண்பர் ஆறுதல் அடைந்தார். மேட்டுக்குடித் துயரத்திலும் மேல்தட்டு கீழ்த்தட்டு இருக்கிறது.

எஞ்சியிருப்பது உரிப்பொருள். கடலோரத்து நெய்தலைப்போல இங்கும் இரங்கலே உரிப்பொருள் என்று ஒரு சாரார் வாதிடலாம். எஸ்டிமேட்டைப் படிக்கும் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது சரியென்றே படும். எனினும் பாலைக்குரிய பிரிவே பொருந்தும் என்பது இவ்வாய்வின் துணிபு. கார் பட்டறையில் இருக்க, உரிமையாளன் ஆட்டோவில் போகிறான். நாள் கடக்கிறது. அகப்பாடல்களில் தலைவியை ஆற்றுவிக்கத் தோழி உண்டு. "மழை வரட்டும், அவர் வந்துவிடுவார்" என்பாள். இங்கே அந்த இடத்தில் சர்வீஸ் அட்வைசர். "செவ்வாய்க்கிழமை ஷிப்மென்ட் வந்துடும் சார்." எந்தச் செவ்வாய் என்று அவர் சொல்வதில்லை, தோழியும் எந்த மழை என்று சொன்னதில்லை. துறை வகுத்தால் இப்படி அமையும்: குறித்த தேதி கடந்தும் வண்டி வாராமையின் ஆற்றானாகிய உரிமையாளன், 'இன்னும் நான்கு நாள்' என்ற அட்வைசர்க்கு அழிந்து சொல்லியது.

நண்பர் ஒருவழியாக வண்டியை விற்றுவிட்டார். தாராபுரம் பக்கத்துப் பையன். வந்து இரண்டு சுற்றுச் சுற்றினான், டயரைக் காலால் தட்டினான், உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தி அந்த 'தொப்'பைக் கேட்டான். பிறகு பானெட்டைக்கூடத் திறக்கச் சொல்லாமல், "மைலேஜ் என்ன தருங்ணா?" என்று கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தான். பத்து நாள் கழித்துப் போன் வந்தது. "அண்ணா, காலைல பாத்தா பின்னாடி வலப்பக்கம் சித்த எறங்குனாப்பல நிக்குதுங்ணா. முன்னயே இப்பிடித்தானுங்களா?"

நண்பர் அவனுக்கு மெக்கானிக்கின் நம்பரை அனுப்பிவைத்தார். அந்த நம்பர் பையனிடம் ஏற்கெனவே இருந்தது. அவனுடைய முந்தைய கார் ஒரு பழைய ஆடி.