கேளுங்க, சொல்றேன்!

? வீட்டு சுவிட்ச் மாதிரி, காற்றாலை மின்சாரத்துக்கும் சுவிட்ச் உண்டா? (கயத்தாறு வாசகர்)

உண்டு. சிலிக்கான் சில்லு. காற்று நிமிடத்துக்கு நிமிடம் குணம் மாறும். கிரிட்டுக்கோ 50 ஹெர்ட்ஸ்தான் வேண்டும். இன்றைய காற்றாலைகளில் இந்த இரண்டு பிடிவாதக்காரர்களையும் சேர்த்து வைப்பது ஐஜிபிடி என்ற அந்தச் சில்லுதான். வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை தட்டித் தட்டி!

? தைரிஸ்டர் என்கிறார்களே, அது வேறா? (எட்டயபுரம் வாசகி)

வேறேதான். தைரிஸ்டர், பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி. உட்கார வைக்க ஒரு சைகை போதும். எழுப்ப நமக்கு அதிகாரம் இல்லை. மின்னோட்டம் பூஜ்யமானால்தான் எழுவார். ஐஜிபிடி சொன்னால் உட்காரும், சொன்னால் எழும்.

? அப்புறம் தைரிஸ்டர் எதுக்கு? (விளாத்திகுளம் வாசகர்)

பாரம் சுமக்க. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 1,765 கி.மீ., 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட் நேர்மின்சாரம் வருவது தைரிஸ்டர் தயவில். புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் போவது ஐஜிபிடி வழியே. இரண்டு பாதையும் 2021-க்குள் ஓடத் தொடங்கிவிட்டன.

? ஒரு சில்லு எட்டு லட்சம் வோல்ட் தாங்குமா? (ஓட்டப்பிடாரம் வாசகர்)

தாங்காது. எட்டாயிரம் வோல்ட்டே பெரிய விஷயம். அதனால் சரம் சரமாகக் கோத்துக் கூரையிலிருந்து தொங்க விடுகிறார்கள். 'திற' என்ற கட்டளை கண்ணாடி இழையில் வெளிச்சமாக வரும். ஒன்று பழுதானாலும் மின்னோட்டத்தை மறிக்காது. தன் வழியே விட்டுவிடும். செத்தும் கொடுக்கும் ஜாதி!

? சூடாகாதா? (சாத்தூர் வாசகி)

ஆகும். அயனி நீக்கிய தண்ணீர் மூடிய குழாயில் சுற்றிச் சூட்டை இழுத்துக்கொள்ளும். நம்ம ஊர் போர் தண்ணியை ஊற்றினால் அதிலுள்ள உப்பே மின்சாரத்தைக் கடத்திவிடும். டீயே திரியுது, தைரிஸ்டர் தாங்குமா?

? ஆடிக் காற்றில் நம்ம கரண்ட் மிஞ்சினால்? (கோவில்பட்டி வாசகர்)

அதே புகளூர் பாதையில் வடக்கே அனுப்பலாம். தைரிஸ்டரோ ஒருவழிப் பாதை. அதில் மின்னோட்டம் திசை மாறாது. ஆகவே மின்னழுத்தத்தின் துருவத்தைப் புரட்டுகிறார்கள். கரண்ட் திரும்பாது, திறன் திரும்பும்! மழை பொய்த்த மண்ணின் காற்று வடநாட்டு விளக்கை எரிப்பதில் எனக்குத் தனிப் பெருமை.

? மகன் என்ன படிக்கலாம்? (கழுகுமலை வாசகி)

பவர் எலக்ட்ரானிக்ஸ். பாடப்புத்தகம் சென்னையில் கிடைக்கும். செய்முறை உங்கள் கொல்லைப்புறத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.