குழாயில் வந்த ஏரி

எண்பதுகளின் கடைசியில் கனடாவின் வின்னிபெக்கில் வந்திறங்கியபோது, அறை தந்த அண்ணர் முதலில் காட்டியது சமையலறைக் குழாயை. "தம்பி, கொதிக்க வைக்கத் தேவையில்லை. அப்பிடியே குடிக்கலாம்." யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்து வளர்ந்த எனக்கு அது பெரிய அதிசயம்.

அது எங்கிருந்து வருகிறது என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. 1919 முதல், 150 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஷோல் ஏரியிலிருந்து வருகிறது. கரையில் வாழ்ந்த அனிஷினாபே பூர்வகுடி மக்களின் நிலத்தை எடுத்து, கால்வாய் வெட்டி, அவர்களின் ஊரைத் தீவாக்கிவிட்டுத்தான் நகரம் இந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தது. ஷோல் லேக் 40 என்ற அந்த ஊரில், காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று 1997இல் அறிவித்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் கிடைத்தது 2021இல். அதுவரை போத்தல் தண்ணீர்தான். 2019இல் சாலை திறக்கும்வரை அதையும் கோடையில் படகிலும் குளிர்காலத்தில் உறைந்த ஏரி மீதும் ஏற்றி வந்தார்கள். அதே ஏரித் தண்ணீரில் நாங்கள் கார் கழுவினோம்.

அண்ணர் சொன்ன இன்னொரு புத்தி: "மெயின் வீதியிலை அவையள் விழுந்து கிடந்தாலும் கிட்டப் போகாதை. குடிச்சிட்டுக் கிடப்பினம்." ஊரை விட்டு ஓடிவந்த எங்களுக்கு, சொந்த ஊரிலேயே நிலம் பறிபோனவர்களைப் பற்றி நகரம் கற்பித்த முதல் பாடம் அது.

அந்தப் பேச்சு ஆளைக் கொல்லும். 2008 செப்டம்பரில் பிரையன் சின்க்ளேர், வயது 45, இரு கால்களும் இழந்த பூர்வகுடி மனிதர், கிளினிக் கொடுத்த கடிதத்தோடு வின்னிபெக்கின் பெரிய மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருந்த குழாய் அடைத்துக் கிருமி தொற்றியிருந்தது. குழாயை மாற்றி மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். அவசரப் பிரிவில் 34 மணி நேரம் இருந்தார். வாந்தி எடுத்தார். அருகில் இருந்தவர்கள் ஊழியர்களிடம் சொல்லியும் பார்த்தார்கள். குடித்திருக்கிறார், தங்க இடமில்லாமல் வந்திருக்கிறார் என்று நினைத்தோம் என்பது பிறகு விசாரணையில் வந்த சாட்சியம். உடல் விறைத்த பிறகுதான் மருத்துவர் வந்தார்.

இப்போது இங்கே பல கூட்டங்கள் தொடங்கும் முன், இது பூர்வகுடிகளின் நிலம், நம் தண்ணீர் ஷோல் லேக் 40இலிருந்து வருகிறது என்று வாசிக்கிறார்கள். அன்று மறைத்ததை இன்று உரக்கச் சொல்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவசரப் பிரிவில் தாதியாக இருக்கும் என் மகள் இன்னமும் அதே பேச்சைக் கேட்கிறாள். "குடிகாரன், தூங்கட்டும்" என்று யாராவது சொன்னால், அவள் போய் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறாள். ஒருவருக்கு அது அடிமட்டத்துக்கு இறங்கியிருந்ததாம். குளுக்கோஸ் ஏற்றிய சிறிது நேரத்தில் எழுந்து, மனைவிக்குப் போன் பண்ண வேண்டும் என்று கேட்டாராம்.