ஆசிரியர் அறையில் ஓமியாகெ: அயல்நாட்டு ஆசிரியரின் விடுப்பும் இனிப்புப் பெட்டியும் குறித்த ஓர் ஆய்வு

ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கில வகுப்புக்கு உதவியாக அமர்த்தப்படும் அயல்நாட்டு ஆசிரியரின் உச்சரிப்பும் பயிற்றுமுறையும் பலரால் விரிவாக விவாதிக்கப்பட்டிருக்க, விடுப்பு முடிந்து திரும்பும் காலையில் அவர் கையில் இருந்தே ஆகவேண்டிய இனிப்புப் பெட்டி அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். வெளியூர் சென்றவர் செல்லாதவர்களுக்கு வாங்கிவரும், அவ்வூரின் பெயர் சொல்லும் பண்டமே ஓமியாகெ எனப்படும். 1987இல் நான்கு நாடுகளைச் சேர்ந்த 848 பேரோடு தொடங்கப்பட்ட, இத்தகையோரை அழைத்துவரும் ஜெட் திட்டத்தின்வழி இந்நாட்டுக்கு வருவோரின் ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு, மிகுதியாக ஐந்தாண்டோடு முடிவுறும். எனவே இங்கே ஆராயப்படும் கடமையும் அவ்வளவு காலத்துக்கே அவரைப் பற்றி நிற்கும்.

இவ்வழக்கத்தின் வேர் யாத்திரையில் உள்ளது. எடோ காலத்தில் (1603–1868) இசே கோயிலுக்குச் செல்ல விரும்பிய ஊரார், தனித்தனியே செல்லும் வசதியின்றிப் பொதுவில் பணம் சேர்த்து, குலுக்கலில் பெயர் வந்தவரைத் தங்கள் சார்பில் அனுப்பிவைத்தனர். அவர் கோயில் காப்புச் சீட்டுகளையும் வழியில் கிடைத்த பொருள்களையும் கொண்டுவந்து பங்கிட்டார். அதாவது, பயணம் ஒருவருடையது, செலவு பலருடையது. ஆசிரியர் அறையிலும் இவ்விதியே செல்லும். கோடை விடுமுறை மாணவர்க்கு மட்டுமே உரியது. ஆசிரியர்கள் வழக்கம்போல் பள்ளிக்கு வந்து, விளையாட்டுக் குழுக்களையும் கோப்புகளையும் கவனித்துக்கொண்டிருக்க, அயல்நாட்டு ஆசிரியர் தம் விடுப்பு நாள்களைச் செலவிட்டு ஊர் சுற்றுகிறார். ஆதலால், அவர் திரும்பிவந்து நீட்டும் இனிப்பு அன்பளிப்பன்று, பற்றுச்சீட்டு என்பதே இவ்வாய்வின் துணிபு.

ஆசிரியர் அறைக்குத் தக்க இனிப்புக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. ஒவ்வொரு துண்டும் தனி உறையில் இருத்தல் வேண்டும். ஊரின் அடையாளம் வெளிப்படத் தெரிதல் வேண்டும். சில நாள்களேனும் கெடாது இருத்தல் வேண்டும். 1707 முதல் இசேயில் விற்கப்படும் அகாஃபுகு என்னும் பயற்றங்களி பூசிய அரிசி மாவுப் பண்டம், புகழில் குறைவற்றதாயினும், கரண்டி கொண்டு பெட்டியிலிருந்து எடுத்துண்ண வேண்டியதாலும், கோடையில் இரண்டு நாளே தாங்குவதாலும், முதல் இலக்கணத்திலும் மூன்றாவதிலும் தவறிவிடுகிறது. ஹிரோஷிமாவின் மேப்பிள் இலை வடிவ மோமிஜி மஞ்சூவும், 1976 முதல் சப்போரோவில் செய்யப்படும் ஷிரோய் கோய்பிதோ என்னும் வெள்ளைச் சாக்லேட் பிஸ்கட்டும் மூன்றிலும் தேறுகின்றன.

அடுத்து எண்ணிக்கைச் சிக்கல். திருநெல்வேலி அல்வாவைக் கிலோக் கணக்கில் வாங்கி, வந்தவர் தொகைக்கேற்பக் கிள்ளிக் கொடுத்துவிடலாம். ஓமியாகெயோ உறைக்குள் உறுதி செய்யப்பட்ட தொகையில் வருவது. பிஸ்கட் பெட்டி 12, 18, 24 என்னும் எண்களில் கிடைக்க, ஆசிரியர் அறையில் 19 பேர் இருப்பராயின், 18இன் பெட்டி அவமதிப்பும் 24இன் பெட்டி ஐந்து உபரியும் ஆகும். சிறு ஊர்களில் ஒரே ஆசிரியர் பல பள்ளிகளுக்கு முறைவைத்துச் செல்வதாலும், அவரை அமர்த்திய கல்வி வாரிய அலுவலகத்திலும் மேசைகள் இருப்பதாலும், இக்கணக்கு இடங்களின் எண்ணிக்கையால் பெருக்கப்பட வேண்டியது.

பயணச் சீட்டும் இதில் குறுக்கிடுகிறது. அதிவேக ரயிலில் சலுகை விலையில் செல்ல உதவும் ரயில் பாஸ், குறுகிய கால வருகையாளர்க்கே உரியது. குடியிருப்பு அட்டை பெற்றுச் சம்பளத்துக்கு வேலை செய்யும் அயல்நாட்டவர் அதற்குத் தகுதியற்றவர். ஆகவே சிக்கனம் கருதுவோர், 1982இல் அறிமுகமாகிப் பள்ளி விடுமுறைகளை ஒட்டி விற்கப்படும், சாதாரண ரயில்களில் மட்டும் செல்லுபடியாகும் ‘செய்ஷுன் 18’ சீட்டை நாடுவர். நிலையத்துக்கு நிலையம் நின்று செல்லும் அவ்வண்டிகளில் நாள் கழிவதால், குறுகிய ஆயுள் கொண்ட இனிப்புகள் பட்டியலிலிருந்து தாமே விலகிவிடும். மலிவான பயணம் நீண்ட ஆயுளுள்ள இனிப்பை வேண்டும் என்பது இதனால் பெறப்படும் விதி.

டோக்கியோவில் பல மாகாணங்கள் தத்தம் ஊர்ப் பண்டங்களை விற்கும் கடைகளை நடத்திவருவதால், ஊருக்கே போகாமல் பெட்டி வாங்கிவிடலாமே என்று மறுப்போர் உளர். அவர்கள் பெட்டியை மட்டுமே கண்டு, வழங்குமுறையைக் காணாதவர்கள். விடுப்பு தந்தமைக்குத் துணைத் தலைமையாசிரியருக்கு நன்றி கூறி, வகுப்புவாரியாக எதிரெதிரே இணைத்துப் போடப்பட்ட மேசைகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று, இல்லாதவர் மேசையில் வைத்துவிட்டு வர வேண்டும். அப்போது, எங்கே போனீர், பனி பெய்ததா, என்ன சாப்பிட்டீர் என்று கேட்கப்படும். போகாதவரிடம் விடை இராது.

இங்கேதான் அப்பண்டத்தின் உண்மைப் பயன் புலனாகிறது. கரும்பலகையில் ‘கான்ஜி’ என்னும் சீன வழி எழுத்துகளில் எழுதப்படும் அன்றாட அறிவிப்புகளைப் படிக்க இயலாமல், கூட்டங்களில் பேச்சு புரியாமல், தம் இருக்கையிலேயே அமர்ந்திருக்கும் அயல்நாட்டவருக்கு, அவ்வறையின் ஒவ்வொருவர் அருகிலும் சென்று நிற்கக் காரணம் தருவது இந்தப் பெட்டி ஒன்றே. பிறர் தம் மேசையில் வைத்துச் சென்ற உறைகளைக் கொண்டு, கணித ஆசிரியர் கியூஷு போய்வந்ததை அவரும் அறிகிறார்.

எனவே, புதிதாக வருவோர்க்கு முதற்கண் வேண்டுவது ஆள்கணக்கு. அதில் அலுவலக எழுத்தர், மருத்துவ அறைச் செவிலி ஆசிரியை, உணவுக்கூடத்துச் சமையலர், பராமரிப்புப் பணியாளர் ஆகியோர் விடுபடலாகாது. ஐந்தாண்டுகளில் அயல்நாட்டு ஆசிரியர் மாணவர்க்கு எத்தனை ஆங்கிலச் சொற்களைக் கற்பித்தார் என்பதைப் பள்ளியில் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு துண்டு குறைந்தது மட்டும் அன்று மதிய உணவுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.