கண்மாய்க்கு மேலே ஒரு ஹெலிகாப்டர்

1992-இல் வந்த ‘டெசர்ட் ஸ்ட்ரைக்’, சின்ன வயதில் உயிரை வாங்கிய விளையாட்டு. இப்போது செல்போனில் மறுபடி ஆடுகிறேன். வளைகுடாப் பாலைவனம், அப்பாச்சி ஹெலிகாப்டர், மீசை முறுக்காத குறையாக ஒரு சர்வாதிகாரி. திருச்சுழிப் பக்கத்து ஆளுக்கு அந்தப் பொட்டல் புதிதில்லை. சீமைக்கருவேலம் ஒன்றுதான் குறை.

சுடுவது சுலபம், எரிபொருள்தான் பெரும்பாடு. நூறிலிருந்து எண் இறங்க இறங்க, வரைபடத்தில் பீப்பாயைத் தேடிப்போய்க் கொக்கி போட்டுத் தூக்க வேண்டும். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர்களுக்கு இதற்கெல்லாம் பயிற்சி வேண்டுமா?

நிஜ ஹெலிகாப்டர் அருப்புக்கோட்டைப் பக்கம் எட்டிப் பார்த்தால் தேர்தல் என்று அர்த்தம். புழுதி கிளப்பும், வாக்குறுதி இறக்கும், கிளம்பிவிடும். கொக்கி மட்டும் கிடையாது.

துபாயில் வேலை பார்த்துத் திரும்பிய அண்ணனிடம் விளையாட்டைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, அதுல ஏசி இருக்கா?”