ஈயச் சிலைக்கு குளோசப்

வேல்ஸில் போவிஸ் கோட்டைத் தோட்டத்துக்குப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: மேக்ரோ லென்ஸ் கொண்டுபோங்கள். வைட் ஆங்கிள் வேண்டாம், கோட்டை ஃபிரேமுக்குள் வந்து தொலைக்கும்.

1680களில் பாறைச் சரிவை வெட்டி, படிப்படியாக இறக்கிய இத்தாலிய பாணித் தோட்டம். கைப்பிடிச் சுவர்மேல் ஈயத்தில் வார்த்த இடையனும் இடைச்சியும் ஆடிக்கொண்டிருப்பார்கள். விரலிடுக்கில் பாசி, பாவாடை மடிப்பில் சிலந்தி வலை. காலை வெயில் சாய்ந்து விழும்போது அள்ளிக்கொள்ளலாம். முந்நூறு வருஷத்து யூ மரங்கள் மழைமேகம்போல் உப்பிக் கிடக்கும். கத்தரித்த நுனியில் பனித்துளி சிக்கினால் பரிசே வாங்கலாம். மயிலையும் விடாதீர்கள். இந்தியாவிலிருந்து வந்த இனம்தான் என்றாலும் அதுவாவது உயிரோடு உலவுகிறது.

புல்வெளிப் பக்கம் மட்டும் கவனம். இங்கே தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாக விரித்தது திப்பு சுல்தானின் கூடாரத்தை. 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் செத்து விழுந்தபின் சுருட்டியது. பூப்போட்ட சீட்டித் துணி. துரைமார் கேக் தின்ன எத்தனை பாந்தமான நிழல்! அவர் சிம்மாசனத்தின் தங்கப் புலித்தலை ஒன்றும் கோட்டைக்குள்தான் இருக்கிறது.

திப்பு பொருளுக்கு இங்கே என்ன வேலை என்கிறீர்களா? பிளாசியில் கொழுத்த ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட். அவர் மனைவி வழியில்தான் கிளைவ் குடும்பத்துக்கு இந்தக் கோட்டை வந்தது. 1798 முதல் 1803 வரை சென்னைக்கு கவர்னர். கட்டபொம்மனைக் கயத்தாற்றிலும் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரிலும் தூக்கில் போட்டது இந்த மகராசன் ஆட்சியில். ஊர் திரும்பியவருக்கு 1804இல் ஏர்ல் பட்டம். நம்மவருக்குப் புளியமரம், அவருக்கு யூ மரம்.

தோட்டத்தை இப்போது வைத்திருப்பது நேஷனல் டிரஸ்ட். தன் 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் தொடர்பு உண்டென்று 2020இல் அறிக்கை போட்டது. அவ்வளவுதான், எம்.பி.க்களும் பத்திரிகைகளும் குதித்தார்கள். பூப் பார்க்க வந்தவனிடம் ரத்தக் கணக்கை ஏன் நீட்டுகிறீர்கள் என்று! பாவம், இருநூறு வருஷமாக மேக்ரோ லென்ஸிலேயே பார்த்துப் பழகிய கண்கள்.

கிளம்புமுன் ஒன்று. சொந்த ஆல்பத்துக்குத் தாராளமாக எடுங்கள். படத்தை விற்பதாக இருந்தால் முன்கூட்டியே டிரஸ்டிடம் அனுமதி வாங்க வேண்டும். அடுத்தவர் சொத்திலிருந்து ஒன்றை எடுத்துப்போவதற்கு முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?