பெரியம்மாவின் கால், அம்மாவின் கால், என் கால்

என் அம்மாவின் தலைமுறையில், மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பெண் எவ்வளவு காலம் கொழுந்தெடுத்தவள் என்பதை அவள் காலே சொல்லிவிடும். முதலில் முழங்காலுக்குக் கீழே பச்சையாகப் புடைத்து நெளியும் நரம்பு. சில வருடம் போனால் சாயங்கால வீக்கம், ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு. அப்புறம் கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்துத் தடிக்கும், அரிக்கும். கடைசியில் அதே இடத்தில் ஒரு புண். இது நரம்பு சுருட்டல் என்பது தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு வைத்தியம் உண்டு என்பது அநேகமாக யாருக்கும் தெரியாது.

1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் கேமரன் மலையில் தேயிலை பரவியது; கொழுந்தெடுக்க வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இருட்டோடு பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பிறகு முதுகில் கூடையோடு சரிவில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நின்றால் கொழுந்து நிறுக்கும் நேரம் வரை நின்றதுதான். செடிக்குச் செடி நகர்வது நடை ஆகாது. காலுக்கு அதுதான் பொல்லாதது.

காலில் இறங்கிய இரத்தம் மறுபடி மேலே ஏறக் கெண்டைக்கால் தசை இறுகி இறுகித் தள்ள வேண்டும். ஏறிய இரத்தம் திரும்பிவிடாமல் இருக்க, நாம் நரம்பு என்று சொல்லும் சிரைகளுக்குள் ஒருபக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகள்போல வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது தசை வேலை செய்கிறது. நிற்கும்போது இரத்தத்தின் பாரம் முழுவதும் வால்வுகள் மேல் விழுகிறது. வருடக் கணக்கில் நின்றால் சில வால்வுகள் மூட முடியாமல் போகும். இரத்தம் பின்னால் ஒழுகித் தேங்கி, தோலுக்கடியில் ஓடும் சிரையை வீங்க வைக்கும். பிள்ளைப்பேறு இதைக் கூட்டும். பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டில் மூன்றும் சேர்ந்திருந்தன.

பெரியம்மா காலைக் காட்ட மறுத்தவர். கைலியைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டிக்கொள்வார். "டிரசர் ஐயாகிட்ட காட்டுங்க பெரியம்மா" என்று தோட்டத்து மருத்துவ உதவியாளரைச் சொன்னால், "நின்னு பொழைக்கிற காலு இப்படித்தான் இருக்கும், போடி" என்பார். புண் வந்த பிறகுதான் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார். ஊதா மருந்து போட்டார்கள், மஞ்சள் மருந்து போட்டார்கள், துணி சுற்றினார்கள். ஆறும், கொஞ்ச நாளில் மறுபடி வெடிக்கும். மேலே பூசிய மருந்து சிரைக்குள் தேங்கிய அழுத்தத்தை என்ன செய்யும்? அந்தப் புண்ணோடுதான் அவர் கடைசி வரை நின்றார்.

ஒரு நாள் குழாயடியில் பெரியம்மாவின் கால் நரம்பு வெடித்து இரத்தம் பீச்சியது. சுற்றியிருந்தவர்கள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தொடையில் துண்டை முறுக்கிக் கட்டினார்கள். செய்ய வேண்டியது வேறு. ஆளைப் படுக்க வைக்க வேண்டும். காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்த வேண்டும். இரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, விலக்கி விலக்கிப் பார்க்காமல் பத்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். பிறகு நேரே ஆஸ்பத்திரி. இதைத் தோட்டத்து வீடுகளில் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அம்மாவுக்கு வழி கொஞ்சம் திறந்தது. 1970-களின் நடுவில், வெளியிலிருந்து வந்த ஒரு டாக்டர் அவர் காலைப் பார்த்துவிட்டு ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்தார். மலையிலிருந்து ஈப்போ பக்கம் இறங்கும் சிம்பாங் பூலாய் சாலை அப்போது கிடையாது. தாப்பாவுக்கு இறங்கி, அங்கிருந்து ஈப்போ. லயமே கூடி வழியனுப்பியது. காலை எடுத்துவிடுவார்கள் என்று பாதிப் பேர் அழுதார்கள்.

அம்மாவுக்குச் செய்தது உரித்தெடுக்கும் அறுவை. ஜெர்மானிய மருத்துவர் டிரெண்டெலன்பர்க் 1890-களின் தொடக்கத்தில் தொடையில் பெரிய மேற்சிரையைக் கட்டிவிடும் முறையை எழுதினார். 1907-இல் அமெரிக்காவின் பாப்காக், சிரைக்குள்ளேயே கம்பியை நுழைத்து அதை உருவி எடுக்கும் முறையைச் சொன்னார். இரண்டும் சேர்ந்ததுதான் அம்மாவின் காலில் நடந்தது. தொடை மடிப்பில் ஒரு வெட்டு, மேற்சிரை ஆழ்சிரையோடு சேரும் இடத்தில் கிளைகளோடு கட்டு, கீழே கணுக்காலில் இன்னொரு வெட்டு, இடையில் கம்பி. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். பல நாள் வார்டு, காலெல்லாம் கட்டு, தொடையெல்லாம் கருநீலம். கணுக்காலின் உட்புறத்தில் கொஞ்சம் உணர்ச்சி போய், அது திரும்பவேயில்லை. சிரையை ஒட்டி ஓடும் உணர்வு நரம்பு அடிபட்டால் அப்படி ஆகும். அதனால்தான் பிற்காலத்தில் முழங்கால் வரை மட்டும் உருவுவதை வழக்கமாக்கினார்கள். ஆனால் அம்மாவுக்குப் புண் வரவில்லை. பெரியம்மாவின் காலையும் அம்மாவின் காலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வித்தியாசம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஒரு நரம்பையே உருவிட்டா இரத்தம் எப்படிப் போகும்?" என்று லயத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நியாயமான கேள்வி. காலிலிருந்து திரும்பும் இரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழ்சிரைகள்தான் சுமக்கின்றன. கெட்டுப்போன மேற்சிரை உதவுவதைவிட உபத்திரவம் செய்வதே அதிகம். அதை அடைத்தால் இரத்தம் நல்ல வழியில் போய்விடும். ஆகவே எந்தச் சிகிச்சைக்கு முன்பும் ஆழ்சிரைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கொழுந்தெடுக்கவில்லை என்றாலும் கரும்பலகை முன்னால் நின்றே காலம் போனது; நரம்பு என்னையும் விடவில்லை. எனக்குச் செய்தது லேசர். முழங்கால் அருகே ஓர் ஊசித்துளை. ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே சிரைக்குள் மெல்லிய இழையை மேலே ஏற்றினார்கள். மரமரப்பு மருந்து கலந்த உப்புநீரைச் சிரையைச் சுற்றிலும் பல இடங்களில் ஏற்றினார்கள். சூடு பக்கத்துத் தசையையும் தோலையும் தாக்காமல் காப்பதும் அந்த நீர்தான். பிறகு லேசர் சூட்டில் சிரைச் சுவர் சுருங்கி மூடிக்கொள்ள, இழையை மெதுவாக வெளியே இழுத்தார்கள். தையல் இல்லை. எழுந்து நடக்கச் சொன்னார்கள். அன்றைக்கே வீடு. மூடிய சிரை உள்ளேயே கிடந்து மாதக் கணக்கில் நாராகிவிடும்.

இன்று ஒருவர் முன் இருக்கும் வழிகள் பல. லேசரைப் போலவே ரேடியோ அலைச் சூடு. பரவலாகப் புழங்கும் ஒரு கருவி 120 டிகிரியில் 20 விநாடிக்கு ஒரு பகுதியாகச் சிரையை மூடிக்கொண்டு வரும். நுரை ஊசி மூன்றாவது. சிரைச் சுவரைப் புண்ணாக்கி ஒட்டவைக்கும் மருந்தைக் காற்றோடு கலந்து நுரையாக்கிச் செலுத்துவார்கள். நெளிந்த சிரைக்கும், முன்பு அறுவை செய்து மறுபடி வந்ததற்கும் இது கைகொடுக்கும். சிலருக்குத் தோலில் பழுப்புத் தடம் தங்கும். மறுபடி போட வேண்டியும் வரலாம். அமெரிக்காவில் 2015-இல் அனுமதி பெற்ற, சிரையைப் பசையால் ஒட்டும் முறையில் சூடும் இல்லை, சுற்றி நீர் ஏற்றுவதும் இல்லை. ஆனால் விலை அதிகம், சிலருக்கு ஒவ்வாமை வரும். மேலே முடிச்சு முடிச்சாகத் தெரிபவற்றைச் சிறு துளைகள் வழியே கொக்கியால் எடுத்துவிடுவதும் உண்டு. பழைய உரிப்பு அறுவையும் ஒழிந்துவிடவில்லை; சிரை மிகவும் நெளிந்து இழை ஏறாவிட்டாலோ, கருவி இல்லாத ஊரிலோ அதுதான் நல்ல வழி. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013 வழிகாட்டியில் முதலில் சூட்டு முறை, பொருந்தாவிட்டால் நுரை, அதுவும் பொருந்தாவிட்டால் அறுவை என்று வரிசை சொன்னது. எந்த முறையானாலும் காலில் ஆழ்சிரை இரத்தக்கட்டு, அரிதாக, வரக்கூடும். சில வருடம் கழித்து வேறொரு சிரை புடைக்கவும் கூடும். இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

புண் வந்த கால்களுக்கு ஒரு நல்ல சேதி உண்டு. 2018-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் சிரைப்புண் உள்ள 450 பேர் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் அழுத்தக் கட்டு போட்டார்கள். சிரையை உடனே மூடியவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற 56 நாள் ஆனது. தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு 82 நாள். இதைப் படித்த இரவு எனக்குப் பெரியம்மா நினைவாகவே இருந்தது. அவர் காலில் எத்தனை வருடம் மருந்து பூசினோம்! ஊற்றைத்தான் அடைக்கவில்லை.

சிகிச்சைக்குப் போகுமுன் எப்படித் தயாராவது என்று தோட்டத்துப் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்.

முதலில், சிரையில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்காமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள். நின்ற நிலையில் எடுப்பார்கள், ஏனென்றால் நிற்கும்போதுதான் வால்வு ஒழுகுவது தெரியும். குளிரில் சிரைகள் சுருங்கும். மலைக்குளிரில் நடுங்கிக்கொண்டே போய்ச் சிகிச்சைக்குப் படுக்காமல் காலைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை உண்டாகியிருக்கும்போது பொதுவாக இதைச் செய்ய மாட்டார்கள்; பேறுகாலம் கழிந்து பல புடைப்புகள் தானே அடங்கும்.

சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை, இனிப்புநீர் மாத்திரை, கடையில் வாங்கும் மூலிகை மாத்திரை எல்லாம் முக்கியம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியிருந்தால், குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்களும் புகைப்பவர்களும் இன்னொன்றையும் கேளுங்கள்: காலுக்கு இரத்தம் சரியாக இறங்குகிறதா என்று பாதத்து நாடியையும் அழுத்தத்தையும் பார்த்தார்களா? தமனி அடைத்திருக்கும் காலில் இறுக்கமான காலுறை போட்டால் பெரிய கேடு. மருந்துக்கடையில் கண்டபடி காலுறை வாங்கிப் போடுவதை அதனால்தான் தடுக்கிறேன்.

முதல்நாள் கால்களை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தைலம், தேங்காயெண்ணெய், களிம்பு எதையும் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பேனாவால் போடும் அடையாளம் நிற்காது, ஒட்டும் பட்டையும் பிடிக்காது. வீட்டில் நீங்களே மழிக்க வேண்டாம். முதுகு ஊசியோ முழு மயக்கமோ என்றால் ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். நம் ஊரில் எல்லாரும் தவறுவது தேநீரில்தான். பால் கலந்த தே, சாப்பாட்டுக் கணக்கு. மரமரப்பு ஊசி மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே போகச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

தளர்ந்த கைலியோ பாவாடையோ கட்டி, அகலமான செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். திரும்பும்போது காலில் கட்டோ காலுறையோ இருக்கும். வண்டியை வேறொருவர் ஓட்டட்டும். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இப்போது இரண்டு மணி நேரம் போலத்தான் ஆகிறது. அதிலும் நடுவில் நிறுத்தி, இறங்கிக் கொஞ்சம் நடங்கள். வீடு வந்து படுத்தே கிடக்கக் கூடாது. அன்று மாலையே நடை, அடிக்கடி நடை. காலுறையை மருத்துவர் சொன்ன நாள் வரை போடுங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். சிகிச்சைக்கு வரிசை நீளம்தான். லேசர் எல்லா அரசு மருத்துவமனையிலும் கிடைக்காது. ஆனால் வரிசையில் பெயர் இல்லாதவருக்கு முறை வரவே வராது.

இன்று அந்தச் சரிவுகளில் இருவர் பிடித்து நகர்த்தும் இயந்திரம் கொழுந்தை வெட்டுகிறது. அதைச் சுமந்து நிற்பவர்களில் பலர் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த பிள்ளைகள். நம் பெண்கள் காய்கறிக் கடையிலும் ஹோட்டல் சமையலறையிலும் பள்ளிக்கூடத்திலும் நிற்கிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அரசு ஆஸ்பத்திரிக் கட்டணம் பல மடங்கு. அவன் காலைக் காட்டத் தயங்குவது பெரியம்மா தயங்கியதைவிட நியாயமானது. நின்று வேலை வாங்குகிறவர்கள் அவனுக்கு வழிசெய்து கொடுக்க வேண்டும். நடுவில் உட்கார ஒரு பலகை, நடக்கக் கொஞ்ச நேரம், கிளினிக்குப் போக ஒரு நாள், இவ்வளவாவது.

நம்மவர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த முறை இனிப்புநீர் மாத்திரைக்கோ இரத்த அழுத்த மாத்திரைக்கோ கிளினிக் போகும்போது, கைலியைச் சற்று உயர்த்திக் காலையும் காட்டுங்கள். சாயங்காலம் வீங்குகிறது, கணுக்கால் கறுத்திருக்கிறது, அரிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஸ்கேனுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தோல் கறுக்கத் தொடங்கும்போதே போனால், புண் என்பதைப் பார்க்காமலே வாழ்ந்துவிடலாம்.