களப்பயணத்துக்கு மூன்று நிமிடப் படம்

கேள்வி: களப்பயணம் போய்வந்த மாணவர்கள் அறிக்கைக்குப் பதிலாகக் குறும்படம் கொடுத்தால் மதிப்பெண் போடலாமா?

பதில்: தாராளமாக! ஒருவர் எழுதிய அறிக்கை பெயர் மாறி வகுப்பு முழுக்கச் சுற்றிவரும். படத்தில் பேசும் குரல் அப்படிச் சுற்றாது. 1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் நண்பர்களும் வளர்த்த முறை இது: சொந்தக் குரல், சில படங்கள், சில நிமிடங்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போன மாணவி, சேற்றிலிருந்து பென்சில் முனைபோல நீட்டி நிற்கும் வெண்கண்டல் வேர்களைக் காட்டி, அவை ஏன் மேல்நோக்கி வளர்கின்றன என்று சொல்லட்டும். சேற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால் வேர் மூச்சுவிட வெளியே வருகிறது என்பது அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் மதிப்பெண் கவனிப்புக்கும் விளக்கத்துக்கும்தான். பின்னணி இசைக்கு அல்ல. நல்ல கேமரா போன் இல்லாத பிள்ளை அதனால் அரை மதிப்பெண்கூட இழக்கக் கூடாது. களக்குறிப்பேட்டையும் கூடவே வாங்கிப் பாருங்கள்.